காமகுரா மலைநடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நவம்பர் கடைசி வாரம் அம்மாவுடன் டோக்கியோ போகிறேன். அதில் ஒரு நாளைக் காமகுராவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒரு நிறுவனம் வழிகாட்டியோடு ‘ஒரே நாளில் ஒன்பது கோயில், மலைப்பாதை நடை’ என்று விளம்பரம் செய்திருக்கிறது. காலை பத்து மணிக்குக் காமகுரா ரயில் நிலையத்தில் கிளம்பி, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மலைவழியாக வடக்கே ஏறி, எங்காகுஜி என்ற ஆலயத்தில் முடிகிறதாம். அம்மாவுக்கு 61 வயது. நன்றாக நடப்பார், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். இருவரும் சைவம். இதில் சேரலாமா? வழிகாட்டி உண்மையிலேயே தேவையா? அங்கே கோயில்களில் கும்பிடும் முறை என்ன?

மீ., திருச்சி

அன்புள்ள மீ.,

வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த நடையில் சேர வேண்டாம். எண்ணிக்கை, திசை இரண்டுமே தவறு.

திசையிலிருந்து தொடங்குகிறேன். எங்காகுஜி நவம்பர் வரை மாலை 4.30க்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 4 மணிக்கும் மூடிவிடும். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவதும் ஏறக்குறைய 4.30க்குத்தான். மரங்கள் அடர்ந்த பாதையில் அதற்கு அரைமணி முன்னாலேயே காலடி தெரியாது. பத்து மணிக்குத் தெற்கே கிளம்பி ஒன்பது இடம் பார்க்கிற குழு, மலைப்பாதையின் கடைசிப் பகுதியை அந்த நேரத்தில்தான் கடக்கும். வேர்களும் ஈரப்பாறையும் நிறைந்த இடத்தில் அவசரமாக இறங்குவார்கள். வழுக்கி விழுவது பெரும்பாலும் அப்போதுதான். அப்படியே தப்பி வந்தாலும் எங்காகுஜியில் பார்க்க இருபது நிமிடம்கூட மிஞ்சாது.

வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் எல்லாமே சரியாக விழும். டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்தில் கீத்தா-காமகுராவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காமகுரா அதற்கு அடுத்த நிலையம், தாண்டிப் போய்விடாதீர்கள். எங்காகுஜி காலை 8.30க்குத் திறக்கும். அந்நேரம் அங்கே இருங்கள். ஏற்றத்தைக் காலைத் தெம்பில் முடித்துவிடலாம். நடை முடியும், பெரிய புத்தர் இருக்கும் ஹாசே பகுதியில் ரயில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கடற்கரையும் பக்கம்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். எங்காகுஜி, ஜோச்சிஜி, குசுஹாராஒகா, செனியாராய் பென்தென், பெரிய புத்தர், ஹாசேதெரா. இந்த ஆறே ஒரு நாளுக்கு நிறைவு. அம்மா களைத்தால் ஹாசேதெராவை விட்டுவிடலாம்.

வழிகாட்டி எதற்கு? வழி காட்டுவதற்கு அல்ல. ஜோச்சிஜி அருகே தொடங்கிப் பெரிய புத்தர் பக்கம் இறங்கும் பாதை மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். இடையில் நிற்காமல் நடந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். பலகைகள் உண்டு. உயரமும் அதிகமில்லை, வழியில் உள்ள கென்ஜியாமா குன்று 93 மீட்டர். ஒவ்வொரு இடத்திலும் கண்முன் இருந்தும் கண்ணில் படாததைச் சொல்வதற்குத்தான் வழிகாட்டி. அதைச் சொல்லத் தெரியாதவர் என்றால் கையில் ஒரு வரைபடம் போதும்.

எங்காகுஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி உங்களை வாயிலுக்கு நேரே கூட்டிப்போக மாட்டார். முதலில், வாயிலிலிருந்து பார்த்தால் தண்டவாளத்துக்கு மறுபக்கம் உள்ள குளத்தருகே நிறுத்துவார். அந்தக் குளமும் ஆலயத்தைச் சேர்ந்தது. 1889இல் ரயில்பாதை போட்டபோது வளாகத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இது தெரிந்தால்தான் ஆலயத்தின் பழைய அளவு பிடிபடும். 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் ஜப்பான்மேல் வந்தன. அந்தப் போரை நடத்திய ஹோஜோ தோகிமுனே, இரு தரப்பிலும் மாண்டவர்களுக்காக 1282இல் எழுப்பியது இந்த ஆலயம். முதல் தலைமைத் துறவி சீனத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர். எதிரிப் படையில் இறந்தவனுக்கும் சேர்த்து ஓர் ஆலயம் என்பதை அந்தப் பெரிய வாயிலின் கீழ் நின்று கேட்க வேண்டும். வலப்புறம் செங்குத்தான படிகள் ஏறினால் 1301இல் வார்த்த மணி இருக்கிறது, இரண்டரை மீட்டருக்கும் அதிகமான உயரம். அதே படிகளில் இறங்கவும் வேண்டும் என்பதால் அம்மா கீழேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். இங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஜோச்சிஜி பத்து நிமிட நடை. சிறிய ஆலயம், மணிக்கூண்டே வாயிலாக அமைந்தது. உள்ளே மூன்று புத்தர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்: அமிதா, சாக்கியமுனி, மைத்ரேயர். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று அதை விளக்குவார்கள். பின்பக்கம் மலையைக் குடைந்த குகைகள் உண்டு. அவை ‘யாகுரா’ எனப்படும் கல்லறைகள். மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் காமகுராவில் சமநிலம் குறைவு என்பதால் கல்லறைகளைப் பாறைக்குள் வெட்டினார்கள்.

ஆலய நுழைவின் இடப்புறச் சாலையில் மேலேறினால் மலைப்பாதை தொடங்கும். இங்கே காலணிதான் முக்கியம். இந்த மலை மென்மையான மணற்பாறை. நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டது. மேலே மெல்லிய களிமண் படலம், குறுக்கே வேர்கள். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் நிழலான இடங்கள் காயாது. தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ இதில் சறுக்கும், ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ வேண்டும். அம்மாவுக்கு இரண்டு கைத்தடிகள் எடுத்துச் செல்லுங்கள், நுனிக்கு ரப்பர் உறை அவசியம், இல்லையென்றால் அது வேர்களைக் குத்திக் கிழிக்கும். இறக்கத்தில் தடியின் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டு, முதலில் தடி, பிறகு வலிக்கும் கால் என்று வைத்தால் முழங்காலில் விழும் எடை குறையும்.

முதல் பகுதி அரைமணி நேரம், பாதி படிகளும் பாதி மண்ணும். ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷின்டோவின் கோயில் ஒன்றில், குசுஹாராஒகாவில், முடியும். கோயில் 1887இல் கட்டியதுதான், ஆனால் இடம் பழையது. காமகுராவின் ராணுவ ஆட்சிக்கு எதிராகப் பேரரசர் கோ-தாய்கோவுக்காகச் சதி செய்ததாக ஹினோ தோஷிமோதோ என்ற அரசவையாளரை 1332இல் இங்கே தலைவெட்டினார்கள். அடுத்த ஆண்டே காமகுரா ஆட்சி வீழ்ந்தது. பக்கத்தில் இறங்கும் கெவாய்சாகா என்ற கணவாயைத் தாக்கியும் எதிரிகளால் நுழைய முடியவில்லை. கடைசியில் கடலோரமாகத்தான் புகுந்தார்கள். இந்தக் கணவாயின் தலைப்பில் நின்று கீழே பார்த்தால் ஏன் முடியவில்லை என்பது புரியும். அவ்வளவு இடுக்கு, அவ்வளவு செங்குத்து. அதில் இறங்கிப் பார்க்க வேண்டாம், முழங்காலுக்கு மிகவும் கெட்ட இடம்.

மதியச் சாப்பாடு இங்கே கென்ஜியாமா பூங்காவில். கழிப்பறை உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். வானத்தில் பருந்துகள் வட்டமிடும். அவை பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து கையில் இருப்பதைப் பறிக்கும், நகம் கிழித்துவிடும். கிளை தாழ்ந்த மரத்தடியிலோ கூரையின் கீழோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். குப்பைத்தொட்டி இருக்காது, பை கொண்டுபோங்கள்.

சைவம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இறைச்சியைவிடப் பெரிய சிக்கல் ‘தாஷி’ என்ற ஊறல்சாறு. சோபா, உதோன் என்ற நூடுல்ஸ் வகைகளின் சாறு, மிசோ சூப், காய்கறி வேகவைத்தது எல்லாவற்றிலும் பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீனின் சாறு இருக்கும். கண்ணுக்கு ஒரு மீன்துண்டும் தெரியாது. கடைக்காரரிடம் ‘இறைச்சி இல்லையா’ என்று கேட்டால் இல்லை என்பார், அவர் சொல்வதும் உண்மைதான். ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் வழிகாட்டியிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜென் மடங்களின் ‘ஷோஜின்’ உணவில் கடற்பாசியும் ஷிதாகே காளானும்தான் சாறுக்கு. பூண்டும் வெங்காயமும்கூடச் சேராது. கீத்தா-காமகுராவில் இது கிடைக்கும், முன்பதிவு வேண்டும். அது மெதுவாகப் பரிமாறப்படும் உணவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் மலைநடை நாளில் பொருந்தாது. முந்தைய நாள் வாங்கிய வெறும் உப்புச் சோற்றுருண்டையும் பழமும் போதும்.

பூங்காவிலிருந்து கார்ச்சாலையில் இறங்கினால் செனியாராய் பென்தென். சாலை சரிவு அதிகம், பக்கவாட்டாக நடக்கச் சொல்லுங்கள். பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, மலை சூழ்ந்த ஒரு முற்றத்தில் வெளிவருவீர்கள். உங்களுக்கு இது தனியாக முக்கியம். இங்குள்ள பென்சாய்தென் நம் சரஸ்வதியேதான். பௌத்த சூத்திரங்கள் வழியாகச் சீனம் கடந்து ஜப்பானுக்குப் போனாள். கையில் வீணைபோல் ஒரு தந்திவாத்தியம், அங்கே செல்வத்தின் தெய்வமும் ஆனாள், பாம்போடு இணைந்தாள். ‘தோரி’ என்ற நுழைவாயில் நிற்கும் ஷின்டோ கோயிலில் ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் ஏற்றுவதைக் காண்பீர்கள். ஊதுபத்தி பௌத்த வழக்கம். 1868இல் அரசு இரு சமயங்களையும் பிரிக்க ஆணையிட்டது. அதற்கு முன்னர் அவை எப்படிக் கலந்திருந்தன என்பதற்கு இந்த முற்றமே சாட்சி. வழிகாட்டி இதைச் சொல்லாமல் ‘பணம் கழுவும் கோயில்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரிந்தது குறைவு.

பணம் கழுவுவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. அலுவலகத்தில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி வாங்கி ஏற்றிவிட்டு, மூங்கில் கூடையோடு குகைக்குள் போக வேண்டும். கூடையில் நாணயத்தை வைத்து அகப்பையால் மூன்று முறை நீர் ஊற்றினால் போதும். நோட்டாக இருந்தால் ஓரத்தை மட்டும் நனையுங்கள். கழுவிய பணத்தைப் பூட்டிவைக்காமல் செலவிட வேண்டும் என்பதே அங்குள்ள வழக்கம்.

கும்பிடும் முறையைக் கேட்டிருந்தீர்கள். ஷின்டோ கோயிலில் தோரிக்கு முன் ஒரு சிறு வணக்கம், பிறகு ஓரமாக நடங்கள், நடுவழி தெய்வத்துக்கு. அகப்பையால் நீர் ஊற்றி இடக்கை, வலக்கை கழுவி, பின் இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கை. அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னிதியில் காணிக்கை, இரண்டு வணக்கம், இரண்டு கைத்தட்டு, ஒரு வணக்கம். பௌத்த ஆலயத்தில் கை தட்டவே கூடாது. கைகூப்பினால் போதும், நமக்கு எளிது. வாசற்படியை மிதிக்க வேண்டாம்.

இனி நாளின் முக்கியமான முடிவு. மலைப்பாதையின் இரண்டாம் பகுதிதான் முதல் பகுதியைவிட மோசம். வேர்களும் சேறும் அதிகம், கடைசியில் படிகளில் நீண்ட இறக்கம், நடுவில் கழிப்பறை கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு இது வேண்டாம். செனியாராயிலிருந்து கீழே சாஸ்கே பகுதித் தெருக்கள் வழியாக, சுரங்கச் சாலைகளைக் கடந்து பெரிய புத்தருக்கு அரைமணியில் நடந்துவிடலாம், முதல் சரிவு தாண்டினால் பெரும்பாலும் சமதளம். முதல் நாள் மழை பெய்திருந்தால் நீங்களும் அதே வழியில்தான் போக வேண்டும். 2019 செப்டம்பர் புயலில் மரங்கள் சாய்ந்து இந்த மலைப்பாதைகள் மூடப்பட்டன. எனவே முந்தைய நாள் நகராட்சியின் அறிவிப்பைப் பார்ப்பதும் வழிகாட்டியின் வேலை.

பெரிய புத்தர், அதாவது கோதோகு-இன் ஆலயத்தில் உள்ள வெண்கல அமிதா புத்தர், 1252இல் தொடங்கப்பட்டவர். பீடம் நீங்கலாக 11.3 மீட்டர், எடை 121 டன். மண்டபம் இருந்தது, புயல்களிலும் ஆழிப்பேரலையிலும் அழிந்தது, அதன்பின் திறந்தவெளிதான். கைகளைப் பாருங்கள்: சுட்டுவிரல்கள் மடங்கிப் பெருவிரலைத் தொடுகின்றன. சாக்கியமுனியின் தியான முத்திரை இப்படி இருக்காது, அமிதாவை இதனால் அடையாளம் காணலாம். வலக்கன்னத்தில் பழைய பொன்முலாம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நுழைவு 300 யென், சிலைக்குள் போக இன்னும் 50. உள்ளே அவசியம் போங்கள். வார்ப்பை அடுக்கடுக்காகச் செய்து பூட்டிய இணைப்புகள் உட்சுவரில் கோடுகளாகத் தெரியும். கழுத்தின் உட்புறத்தை 1960களின் தொடக்கத்தில் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கால் வலுப்படுத்தினார்கள். சிலையின் உட்புறம் 4.30 வரைதான் திறந்திருக்கும்.

எந்த வழிகாட்டியையும் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், மழையென்றால் மாற்றுவழி என்ன, நுழைவுக் கட்டணம் சேர்த்தியா. பாதை ஒற்றையடி என்பதால் எட்டுப் பேருக்கு மேல் போனால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் கேட்காது. 2018 ஜனவரியிலிருந்து ஜப்பானில் உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம். உரிமம் உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. தன்னார்வ வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய ரயில், நுழைவு, சாப்பாட்டுச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும்.

வார நாளில் போங்கள். ஞாயிறு மாலை ஹாசே நிலையத்தில் சிறிய உள்ளூர் ரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும். அப்படி ஆனால் காமகுரா நிலையத்துக்கு நடந்தே அரைமணி நேரம்தான், வழி முழுக்கத் தட்டை.

அன்புடன்