எல்லையோர வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு? – கேள்வி பதில்

பாலக்காட்டின் கிழக்குக் கிராமங்களிலிருந்தும், மூணாறு, குமுளி, செங்கோட்டை, பாறசாலை பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, ஃபைபர் இணைப்புப் பணியில் நெடுங்காலம் இருக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை: ஐயா, அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துப் பார்த்தால் ஐந்து நிறுவனங்களின் இணைப்பு கிடைக்கும் என்று வருகிறது. விண்ணப்பித்தால் இரண்டு நிறுவனங்களே மறுமொழி சொல்கின்றன. எப்படி ஒப்பிடுவது?

ஓர் அஞ்சல் குறியீட்டில் பல கிராமங்கள் அடங்கும். அவற்றுள் ஏதோ ஒரு தெருவில் ஃபைபர் இழை இருந்தாலும் இணையதளம் ‘கிடைக்கும்’ என்றே சொல்லும். ஆகவே தேடலை உங்கள் வாசலுக்கு எதிரேயுள்ள மின்கம்பத்திலிருந்து தொடங்குங்கள். அதில் தொங்கும் பெட்டி யாருடையது, அண்டை வீட்டார் எதை வைத்திருக்கிறார்கள், இழை அறுந்தால் ஒட்டுப்போட வருபவர் எந்த ஊர்க்காரர் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகு விலைக்கு வாருங்கள்.

பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகள் ஜிபான் என்னும், ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறையில் இயங்குபவை. அதில் ஓர் இழையின் இறக்க வேகம் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அது ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த இழை வந்துசேரும் மையத்திலிருந்து வெளி இணையத்துக்குச் செல்லும் பாதையை உள்ளூர் நடத்துநர் எவ்வளவு அகலமாக வாங்கியிருக்கிறார் என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது. அதை அறிய ஒரே வழி, அதே பெட்டியிலிருந்து இணைப்புப் பெற்ற அண்டை வீட்டில், இரவு ஒன்பது மணியளவில், வைஃபையில் அல்லாமல் கம்பி வழியாகக் கணினியை இணைத்து வேகத்தை அளந்து பார்ப்பதுதான்.

விலையை ஒப்பிடும்போது, 499 ரூபாய் என்று போட்டிருந்தால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 589 ரூபாய் ஆகும் என்பதையும், ‘அன்லிமிடெட்’ என்ற பெயரில் வரும் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3300 ஜிபி என்ற வரம்பு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கேரள அரசின் ஃபைபர் இணையச் சேவையான கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டபோது 20 எம்பிபிஎஸ் திட்டத்தின் மாதக் கட்டணம் வரி நீங்கலாக 299 ரூபாய். பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் இணையம் வேண்டிய சிறு குடும்பத்துக்கு 40 அல்லது 50 எம்பிபிஎஸ் தாராளம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

வேலந்தாவளம்: என் மைத்துனர் வீடு தமிழ்நாட்டுப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவருக்கு உள்ளூர்க் கேபிள்காரர் 100 எம்பிபிஎஸ் தருகிறார். அதே கேபிள்காரர் எங்கள் வீட்டுக்கும் ஒயர் இழுக்க மாட்டேன் என்கிறார். ஏன்?

இழுக்கக் கூடாது என்பதால்தான். இணையச் சேவை உரிமங்களில் நாடு முழுவதற்கும் உரியது ஏ பிரிவு, ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு உரியது பி பிரிவு, அதனினும் சிறிய பகுதிக்கு உரியது சி பிரிவு என்று வழங்கி வந்திருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் வேறுவேறு வட்டங்கள். தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் கீழ் இயங்குபவர் எல்லைக்கு இப்பால் ஒரு வீட்டுக்குக்கூட இணைப்புத் தர முடியாது. நாடு தழுவிய உரிமம் உள்ள நிறுவனத்துக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், அங்கே ஒரு மின்வாரியத்தின் கம்பத்துக்கும் இங்கே கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் கம்பத்துக்கும் தனித்தனியே அனுமதியும் வாடகையும் வேண்டும். ஒரு வீட்டுக்காக அதை யாரும் செய்யமாட்டார்கள்.

கோவிந்தாபுரம்: இது என்ன நியாயம்? பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம், சந்தைக்குப் பொள்ளாச்சி போகிறோம், ஒயர் மட்டும் எல்லை தாண்டக் கூடாதா? இரண்டு வீட்டு மாடியிலும் வயர்லெஸ் பெட்டி வைத்து நாங்களே இணைத்துக்கொள்கிறோம்.

தொழில்நுட்பத்தில் அது முடியும். ஆனால் இணைப்பு ஒருவர் பெயரில், ஒரு முகவரிக்குத் தரப்படுகிறது. வேறு வீட்டுக்குப் பகிர்வதை நிறுவனங்களின் ஒப்பந்த விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் தகாத காரியம் செய்தால் காவல்துறை முதலில் தேடிச் செல்வது, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்த உறவினரைத்தான். உறவு நிலைக்க வேண்டுமானால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மீனாட்சிபுரம் (தமிழ்நாட்டுப் பக்கம்): நீங்கள் எல்லாம் இங்கிருந்து இழுக்க ஆசைப்படுகிறீர்கள். நாங்களோ கேரளா விஷன் எங்கள் பக்கம் வராதா என்று பார்க்கிறோம்.

அக்கரைப் பச்சை இரு பக்கமும் உண்டு போலும். கேரளத்தின் கேபிள் நடத்துநர்கள் ஒன்றுகூடி வளர்த்த அந்த நிறுவனம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் கம்பிவழிப் பிராட்பேண்ட் பட்டியலில் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருப்பது உண்மையே. வீட்டுக்கு வீடு ஏற்கெனவே கேபிள் டிவி இழுத்த உள்ளூர்க்காரரே இணையத்தையும் கவனிப்பதுதான் அதன் பலம் என்று கருதுகிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைத் தேடுங்கள். எல்லை வழக்கை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

மூணாறு: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறோம். ஃபைபர் வராது என்கிறார்கள். ஏர்ஃபைபர் போடலாமா? ஸ்டார்லிங்க் வருமா?

தோட்டம் தனியார் நிலம் ஆகையால், இழை இழுக்க நிருவாகத்தின் இசைவு வேண்டும். லயத்தார் பலர் கையெழுத்திட்டுக் கேட்டால் பிஎஸ்என்எல்லின் உள்ளூர்ப் பங்குதாரர் முன்வர வாய்ப்புண்டு. ஏர்டெல், ஜியோ இரண்டும் 2023இல் தொடங்கிய ஏர்ஃபைபர் சேவை 5ஜி கோபுரத்தை நம்பியது. கூரையில் வைக்கும் பெட்டிக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு மலைமடிப்பு வந்தாலும் வேகம் குலையும். நிறுவனங்கள் தத்தம் அலை எங்கெங்கே கிடைக்கும் என்று காட்டும் வரைபடங்களை வெளியிட வேண்டும் என்று டிராய் விதித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் முற்றத்தில் 5ஜி கைப்பேசியை வைத்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. அதற்கு முன்பே உரிமமின்றி முன்பதிவுப் பணம் வாங்கி, அரசு தடுத்ததும் திருப்பித் தந்த நிறுவனம் அது. ஆகவே பெட்டி கைக்கு வரும் நிலையில்லாமல் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செங்கோட்டை: எங்கள் ஊருக்கு எது சிறந்தது?

முதல் பதிலைப் படியுங்கள்.

குமுளி: ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்கள். கட்டலாமா? எது சிறந்தது என்றும் சொல்லுங்கள்.

கட்டாதீர்கள். ஒரு மழைக்காலத்தை அந்த இணைப்பு தாங்கியதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இரண்டாவது கேள்விக்குச் செங்கோட்டைக்காரரிடம் சொன்னதுதான் பதில்.

பாறசாலை: 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தேன். கைப்பேசியில் 40தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்திருந்தால், இரண்டு சுவர் தாண்டி 40 கிடைப்பது இயல்பே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பெட்டியின் அருகில் அளந்து பாருங்கள். கம்பி வழியாக அளந்தும் 95ஐத் தாண்டவில்லையென்றால், பெட்டியின் துளையோ கம்பியோ 100 எம்பிபிஎஸ் வரைக்குமே ஆனது. அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் வருவது பெரும்பாலும் பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 200 என்பது 25 ஆகிவிடும்.

வாளையாறு: டிஷ் ஆன்டெனாவில் படம் வரவில்லை. என்ன செய்வது?

அது என் துறையன்று. டிஷ் நிறுவனத்தைக் கேளுங்கள்.

சித்தூர் (பாலக்காடு): ஐப்பசி இடியில் போன ஆண்டு மோடம் எரிந்தது. ஃபைபர் கண்ணாடிதானே, மின்னல் எப்படி வரும்?

கண்ணாடியில் வராது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளில் இழுவைக்காக எஃகுக் கம்பி சேர்ந்திருப்பது உண்டு. அந்த எஃகை வெளிச்சுவரிலேயே வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். மின்னல் வரும் மற்றொரு வழி வீட்டு மின்சாரம். இடி முழங்கும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு. மின்வெட்டுக்காக 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குவதானால், உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை (மீண்டும்): எடுத்த இணைப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான்கு நாளாக யாரும் வரவில்லை. டிராயில் புகார் செய்யலாமா?

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒட்டுப்போட்ட பிறகு, வரும் ஒளியின் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே (மைனஸ் 28, 29 என்று) இருந்தால் இணைப்பு மீண்டும் விட்டுப்போகப் போகிறது என்று கொள்ளலாம். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவெண் பெற்று, தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். பதிவெண் இல்லாமல் அந்த முறையீடு ஏற்கப்படாது என்பதால், தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாமல் இன்றே அதை வாங்கிவிடுங்கள்.