இரண்டு பட்டம்: அழகிப் போட்டியா, பி.காம். சீட்டா?

கேள்வி: மகள் பிளஸ் டூ காமர்ஸ், 600க்கு 521. வயது 17. உயரம் 5 அடி 4 அங்குலம். த்ரிஷா மாதிரி முதலில் அழகிப் பட்டம், அப்புறம் சினிமா என்கிறாள். ஒரு வருஷம் காலேஜைத் தள்ளிப்போட்டுவிட்டு மும்பை போக வேண்டுமாம். இங்கே ஒரு போட்டி நடத்துபவர்கள் ‘குரூமிங்’ (மேடைக்குத் தயார்படுத்தும் பயிற்சி) என்று 45 ஆயிரம் கேட்கிறார்கள். அவள் அப்பா வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டார். என்ன செய்வது? (ஒரு தாய், சேலம்)

பதில்: உங்கள் மகள் சொல்லும் அதே த்ரிஷாவை எடுத்துக்கொண்டு, வருஷத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். மிஸ் சேலம் 1999. அதே ஆண்டு மிஸ் சென்னை. அப்போது அவருக்கு வயது 16. ‘ஜோடி’ படத்தில் சிம்ரனின் தோழியாக வந்துபோனதும் அந்த ஆண்டுதான். 2001இல் மிஸ் இந்தியா மேடை ஏறினார். கிடைத்தது மகுடம் அல்ல, ‘அழகான புன்னகை’ என்ற துணைப் பட்டம். நாயகியாக முதலில் திரைக்கு வந்த ‘மௌனம் பேசியதே’ 2002 டிசம்பர். அதற்கு முன்பே ஒப்பந்தமான ‘லேசா லேசா’ அடுத்த ஆண்டுதான் வெளியானது. 2003 ‘சாமி’யில் பெயர் பரவியது, 2004 ஏப்ரலில் ‘கில்லி’. மிஸ் சென்னையிலிருந்து கில்லிக்கு நாலரை வருஷம். ஒரு பட்டப்படிப்பு முழுசாக முடிந்து, மேலே ஒன்றரை வருஷம் மிச்சமிருக்கும் காலம் அது. அவரும் சும்மா இருக்கவில்லை, எத்திராஜ் கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார்.

இது ஒருவருடைய கணக்கு மட்டும் அல்ல. ஐஸ்வர்யா ராய் 1994 நவம்பரில் உலக அழகி, ‘இருவர்’ வந்தது 1997 ஜனவரி. பிரியங்கா சோப்ரா 2000 நவம்பரில் உலக அழகி, முதல் படமான ‘தமிழன்’ 2002 ஏப்ரல். திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் 2018 ஜூனில் மிஸ் இந்தியா, சென்னை லயோலாவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது. தமிழில் ‘டிஎஸ்பி’ வந்தது 2022 டிசம்பர். மானுஷி சில்லர் 2017 நவம்பரில் உலக அழகி, முதல் படம் 2022 ஜூன். ஒன்றேகால் வருஷத்துக்குக் குறைந்து இதில் யாரும் இல்லை, நாலரையும் சாதாரணம். இவர்கள் உலக மேடையிலோ தேசிய மேடையிலோ ஜெயித்தவர்கள். மாவட்டப் போட்டியில் ஜெயிப்பவருக்கு இடைவெளி இன்னும் நீளும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் நடிக்கப் போகவும் இல்லை. 1966இல் இந்தியாவின் முதல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா, ஓராண்டுக் கடமையை முடித்துவிட்டு மருத்துவப் படிப்புக்கே திரும்பி டாக்டரானார்.

இந்த இடைவெளி ஏன்? ஜெயித்த ஓராண்டு ஒப்பந்தத்திலேயே போய்விடும்: பயணம், விளம்பரம், தொண்டு நிகழ்ச்சிகள். அந்த ஆண்டில் படம் ஒப்புக்கொள்ள அமைப்பின் அனுமதி வேண்டும். அதன் பிறகு கதை கேட்டு, ஒப்பந்தம் போட்டு, படம் எடுத்து, வெளியீட்டுத் தேதி கிடைப்பதற்குள் இன்னும் பல மாதங்கள்.

இப்போது மும்பை விஷயம். ஃபெமினா மிஸ் இந்தியாவுக்குக் குறைந்தபட்ச வயது 18. மிஸ் யூனிவர்ஸுக்கும் அப்படியே. உங்கள் மகளுக்கு 17. கல்லூரியைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த வருஷம் மும்பையில் உட்கார்ந்தால், 18 நிரம்பும்வரை இந்த இரண்டு போட்டியிலும் பெயர்கூடக் கொடுக்க முடியாது. வாடகை மட்டும் போகும். மிஸ் யூனிவர்ஸ் 2024இலிருந்து மேல்வயது வரம்பையே எடுத்துவிட்டது. மிஸ் இந்தியாவில் 25 வரை இடமுண்டு. அவசரத்துக்குக் காரணமே இல்லை.

உயரத்தை ஒருமுறை சரியாக அளந்துவிடுங்கள். வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டி, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து, சாயங்காலம் அளக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை கூடுதலாகக் காட்டும், பகலில் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி அது குறைந்துவிடும். மிஸ் இந்தியா கேட்பது முன்பு 5 அடி 5 அங்குலமாக இருந்தது, 2022இல் 5 அடி 3 அங்குலமாக இறங்கியது. 5 அடி 4 என்பது செருப்போடு அளந்தது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

45 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கடந்த மூன்று ஆண்டில் ஜெயித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? இங்கே ஜெயித்தால் எந்தத் தேசியப் போட்டிக்கு நேரடி நுழைவு, அந்த உரிமைக் கடிதம் எங்கே? பணம் திரும்பி வருமா, எந்தத் தேதிவரை? ‘உரிமை’ என்பது பெரிய அமைப்புகளிடமே கைமாறும். மிஸ் யூனிவர்ஸுக்கு இந்தியப் பெண்ணை 2023 வரை மிஸ் திவா என்ற போட்டி அனுப்பியது. 2024இலிருந்து கிளாமானந்த் என்ற நிறுவனம் நடத்தும் மிஸ் யூனிவர்ஸ் இந்தியா. பழைய போஸ்டரைக் காட்டிப் பணம் கேட்பவரும் உண்டு. நுழைவுச்சீட்டு விற்றுக் கொடு, ஸ்பான்சர் பிடித்துக் கொடு என்று பெண்ணிடமே சொல்லும் போட்டி என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் கவனம். 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அது தெரிந்துதான் அம்மாவையோ அப்பாவையோ ‘உத்தரவாதி’ என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். 18க்குப் பிறகு வரும் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள்: எத்தனை வருஷம் கட்டுப்பாடு, அவள் தானே தேடிக்கொண்ட வேலைக்கும் கமிஷன் உண்டா, படங்களை யார் எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். இரண்டாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். அறிமுகப்படுத்தியதே நாங்கள்தான் என்று, மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த சீரியல் சம்பளத்திலும் பங்கு கேட்பார்கள். பான் கார்டும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும்.

மேடை நடை வேறு, நடிப்பு வேறு. போட்டி மேடையில் முகம் மாறாமல் சிரிக்கப் பழக்குவார்கள், கேமரா முன்னால் அந்தச் சிரிப்புத்தான் முதல் எதிரி. குரலும் அப்படித்தான். ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யாவுக்குப் பேசியது ரோகிணி. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’, ‘96’ இரண்டிலும் த்ரிஷாவுக்குக் குரல் சின்மயி. தமிழைத் தானே தெளிவாகப் பேசி நடிக்கத் தெரிந்த பெண் என்பது உங்கள் மகள் கையில் இருக்கும் ஒரு துருப்புச் சீட்டு. அதைத் தேய்த்துக் கூராக்கச் செலவே இல்லை: தினம் இருபது நிமிஷம் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து, போனில் பதிவு செய்து, ல-ழ-ள எங்கே வழுக்குகிறது என்று கேட்டால் போதும்.

முறையான பயிற்சிக்கான வாசல்களைப் பாருங்கள். புனே திரைப்படக் கல்லூரியின் இரண்டு வருஷ நடிப்புப் படிப்புக்குத் தகுதி ஏதாவது ஒரு டிகிரி. டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருஷப் படிப்புக்கும் டிகிரி வேண்டும், அதோடு நாடகங்களில் நடித்த அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுகலைப் படிப்பு, அதற்கும் டிகிரி. ஆக, அழகிப் பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பயிற்சிகளுக்குப் போக பி.காம். மாதிரி ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம். சென்னையில் சேர்ந்தால் கூடுதல் வசதி ஒன்று உண்டு. ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்கள் அங்கே இருக்கின்றன. பசுபதி, விமல் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன் வருகைப்பதிவைக் கேளுங்கள். பொதுவாக 75 சதவீதம். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் எடுக்கக்கூடிய விடுப்பு 22 நாள். தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால் வாரக்கணக்கில் வெளியூரில் இருக்க வேண்டிவரும், அந்த 22 நாளும் அதிலேயே கரையும். விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடுவது) இதற்கும் உண்டா என்று துறைத் தலைவரிடம் சேரும்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாம் செமஸ்டரில் போய்க் கேட்டால் ‘அப்ப ஏன் சொல்லல’ என்பார்கள். ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் மதிய ஷிப்ட் எடுத்தால், நடனமும் உடற்பயிற்சியும் காலையில் முடித்துவிடலாம்.

வீட்டிலேயே இந்த மாதம் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஆடிஷனுக்கு முதலில் கேட்பது போன் வீடியோதான். வெள்ளைச் சுவர், ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். போன் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில். ஃபில்டர் வேண்டாம், முடி பின்னால் கட்டியிருக்கட்டும். பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி, இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டிவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் ஒரு காட்சி. காட்சிக்கு ஹீரோயின் வசனம் எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய், கீறல் விழுந்ததை எப்படிச் சொல்வது என்று தயங்கி நிற்கும் பெண்ணாக நடிக்கச் சொல்லுங்கள். அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.