கல்லூரி முடிக்கும் மாணவர்களை வேலைக்கும் அதன்பின் வரும் வாழ்க்கைக்கும் எப்படித் தயார்ப்படுத்துவது?

ஒரு வேலை நியமனக் கடிதத்தை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

சிறு நகரக் கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறேன். எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நேர்காணலில் எப்படி அமர்வது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். வேலை கிடைத்த மறுநாள் எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது என்று சொல்லத்தான் வீட்டிலும் ஆள் இல்லை, கல்லூரியிலும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வளாக நேர்காணலில் தேர்வாகிக் கடிதத்தோடு வந்தாள். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். மாதம் 20,000 என்று வகுத்து, வீட்டுக்கு 8,000, விடுதிக்கு 7,000 என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தாள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். அதில் மாதம் 2,000 ரூபாய், ஆண்டு முடிவில் வேலைத்திறனைப் பார்த்துத் தரப்படுவது. அடிப்படைச் சம்பளம் 10,000. அதில் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) அவள் பங்கு. நிறுவனத்தின் பங்கும் அதே அளவு, அதுவும் இந்த இருபதாயிரத்துக்குள்ளேயே அடக்கம். பிறகு பணிக்கொடை (கிராஜுவிட்டி), தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. எல்லாம் கூட்டிக் கழித்தால் கையில் வருவது 14,500-ஐத் தொடவில்லை.

"அப்பாவிடம் இருபது என்று சொல்லிவிட்டேனே சார்" என்றாள். மூன்று ஆண்டு வணிகவியல் படித்த பெண்ணுக்கு இதை நாங்கள் சொல்லித்தரவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதிலிருந்து இறுதியாண்டில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை இதற்கென்றே வைத்துக்கொண்டேன். பழைய மாணவர்களின் கடிதங்களில் பெயரை மறைத்து நகலெடுத்துக் கொடுப்பேன். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, அசல் சான்றிதழ் கேட்கிறார்களா என்று அவர்களே கோடிட வேண்டும். அசலைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. ஒப்படைத்த பையன் ஒருவன் அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தான். அதற்குள் முதுகலைச் சேர்க்கை முடிந்துபோனது.

வைப்பு நிதியில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் யு.ஏ.என். என்ற அடையாள எண் வாழ்நாளுக்கும் ஒன்றுதான். வேலை மாறும்போது அதே எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் இடையில் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சேவை ஆண்டுகளின் கணக்கு அறுந்துபோகும்.

உடனே வேலை அமையாதவர்களுக்கு ஓராண்டு தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியைச் சொல்வேன். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கலை, அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். சென்னை தரமணியில் அதற்கான தென் மண்டல வாரியம் இருக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், கூட்டம் அப்படி. எத்தனை ஆண்டு முயல்வது என்பதை வீட்டாரோடு பேசி, நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவிட்டுத் தொடங்கச் சொல்வேன்.

நீங்கள் படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், உங்கள் முதல் சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள். பெயரை மறைத்து, அந்த மாதம் எது எதற்குச் செலவானது என்று பின்பக்கம் எழுதி, துறைத் தலைவரிடம் கொடுங்கள்.