தவணை முடிந்த மாதம் அந்தப் பணம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் நாற்பது வயது. இருவரும் வேலைக்குப் போகிறோம். 20 வருட வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி. நான்கு வருடம் கட்டிவிட்டோம். 14 சதவீத வட்டியில் ஒரு பர்சனல் லோன், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வட்டியில்லாத் தவணையில் வாங்கிய வாஷிங் மெஷினுக்கு ஐந்து மாதம் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டில் மாதாமாதம் மினிமம் தொகையை மட்டும் கட்டி வருகிறோம். வட்டி மாதத்துக்கு 3 சதவீதம் என்று பில்லில் போட்டிருக்கிறது. அவசரத்துக்கு என்று வங்கியில் 7 சதவீத வட்டியில் கொஞ்சம் டெபாசிட் உண்டு. ஓய்வுக்காலத்துக்காகச் சேர்த்து வந்ததைப் போன வருடம் நிறுத்திவிட்டோம். "எல்லாக் கடனும் முடியட்டும், அப்புறம் சேமிக்கலாம்" என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி. கடனை வைத்துக்கொண்டு சேமிப்பதில் அர்த்தமில்லை என்று அவர் நினைப்பது கார்டு கடனுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் "எல்லாக் கடனும்" என்கிறாரே, சிக்கல் அங்கேதான். உங்கள் வீட்டுக் கடன் முடியும்போது உங்களுக்கு 56 வயது.

முதலில் கார்டைப் பார்ப்போம், ஏனென்றால் வீட்டில் நெருப்பு பிடித்திருக்கும் இடம் அதுதான். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று பலரும் நினைக்கிறார்கள். வட்டிக்கும் வட்டி ஏறுவதால் அது 42.6 சதவீதம். மினிமம் மட்டும் கட்டினால் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1,00,000, மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம், அதற்குப் பிறகு கார்டைத் தொடவே இல்லை. ஒரு வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 55,000. கடன் குறைந்திருப்பது சுமார் 23,000. பாக்கி 77,000 அப்படியே நிற்கும். இத்தனைக்கும் இது புதிதாக எதுவும் வாங்காதவரின் கதை. பாக்கி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதனால் பாக்கி தீரும்வரை கார்டைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். ஆன்லைன் கடைகளில் பதிந்து வைத்திருந்தால் அங்கிருந்தும் நீக்கிவிடுங்கள்.

இப்போது அந்த 7 சதவீத டெபாசிட். ஒரு கையில் 7 வாங்கிக்கொண்டு மறு கையில் 42 கொடுக்கிறீர்கள். ஒரு மாதச் செலவுக்கான பணத்தை நிறுத்திக்கொண்டு, மீதியை எடுத்துக் கார்டில் கட்டுங்கள். டெபாசிட்டை உடைக்க மனசு வராது, எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் ஏதோ சேமிப்பு இருக்கிறது என்ற தெம்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரு டெபாசிட்டைக் கட்டிக்காத்தபடி கார்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முதிர்வுத் தொகையையும் கட்டிய வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த நாளில்தான் உறைத்தது.

அந்த ஒரு மாதச் செலவுப் பணத்தை மட்டும் தொடாதீர்கள். அதையும் கடனில் கட்டிவிட்டால், அடுத்த முறை யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ வண்டி பழுதானாலோ திரும்பக் கார்டுதான். கடனை அடைத்துவிட்டு மறுபடி விழுபவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். கார்டு தீர்ந்த பிறகு இந்தக் கையிருப்பை மெல்ல மூன்று மாதச் செலவாகவும், பிறகு ஆறு மாதச் செலவாகவும் வளர்த்துக்கொள்ளலாம்.

வாஷிங் மெஷின் தவணை தன் போக்கில் முடியட்டும், அதில் அவசரமில்லை. சிறிய கடனை முதலில் ஒழித்தால் உற்சாகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். தவறில்லை, அந்த உற்சாகம் பலருக்கு உண்மையாகவே உதவுகிறது. ஆனால் மாதம் 3 சதவீதக் கடன் ஓடும்போது, வட்டியே இல்லாத ஒன்றை அவசரமாக முடிப்பது பணத்தைக் கொட்டுவதுதான்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதத்தில் வாஷிங் மெஷின் தவணை முடியும். ஆறாவது மாதம் அந்தப் பணம் என்ன ஆகும்? பெரும்பாலான வீடுகளில் அது கரைந்துவிடும். யாரும் ஊதாரித்தனம் செய்வதில்லை. கணக்கில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, கை கொஞ்சம் தாராளமாகிறது, இரண்டு மாதத்தில் அது இல்லாமல் குடும்பம் ஓடாது என்கிற நிலை வந்துவிடுகிறது. பிறகு இன்னொரு பொருள், இன்னொரு தவணை. இருபது வருடம் தவணை கட்டியும் கையில் எதுவும் நிற்காத பல குடும்பங்களில் நடந்தது இதுதான். வருமானம் போதாமல் அல்ல, முடிந்த தவணைக்கு அடுத்த வேலை கொடுக்காமல் விட்டதால்.

எனவே இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வாஷிங் மெஷின் தவணை முடிந்த மறுமாதம் அதே தேதியில் அதே தொகை கார்டுக்குப் போகும். கார்டு தீர்ந்ததும் அதற்குக் கட்டிவந்த மொத்தமும் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி பர்சனல் லோனுக்குக் கூடுதலாக, மறு பாதி ஓய்வுக்காலச் சேமிப்புக்கு. பர்சனல் லோனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அபராதம் மிச்சமாகும் வட்டியைத் தின்றுவிடும் அளவுக்கு இருந்தால் அந்தப் பாதியைக் கையிருப்பில் போடுங்கள். எல்லாமே வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி உத்தரவு கொடுத்துவிடுவது நல்லது. மாதாமாதம் யோசித்து முடிவெடுக்கும் வேலை இருந்தால் ஒரு மாதம் தவறும், அப்புறம் அடுத்ததும் தவறும்.

இதில் ஒரு விதிவிலக்கு. உங்கள் இருவரில் யாருடைய நிறுவனமாவது, ஊழியர் போடும் ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் தன் பங்காகவும் பணம் போடுகிறதா? நிறுத்திய சேமிப்பு அதுவாக இருந்தால், கார்டு தீரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். நீங்கள் 100 போட, அவர்கள் 100 போடுகிறார்கள் என்றால் கார்டு வட்டிகூட அதற்கு ஈடாகாது. நிறுவனம் ஈடு கொடுக்கும் அளவுக்கு மட்டும் இந்த மாதமே மறுபடி தொடங்குங்கள்.

சரி, வீட்டுக் கடன். 9 சதவீதக் கடன் இருக்கும்போது 8 சதவீதம் தரும் சேமிப்பில் போடுவானேன், அதையும் கடனிலேயே கட்டலாமே என்று உங்கள் கணவர் கேட்கலாம். வெறும் கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. வீட்டுக் கடனில் கட்டிய கூடுதல் பணம் சுவருக்குள் போய்விடும். வேலை போனால் சுவரில் ஒரு செங்கல்லை விற்றுச் சாப்பிட முடியாது. மேலும், கூடுதலாக உண்மையிலேயே கடனில் கட்டுபவருக்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். "முடியட்டும், பார்க்கலாம்" என்று வழக்கமான தவணையை மட்டும் கட்டிக் காத்திருப்பவரின் நிலைமை இது: மாதம் 1,000 வீதம் 8 சதவீதத்தில் 20 வருடம் போட்டால், 60 வயதில் சுமார் 5,89,000. கையிலிருந்து போட்டது 2,40,000. அதே தொகையை 56 வயதில் தொடங்கி நான்கே வருடத்தில் எட்ட, மாதம் 10,400க்கு மேல் போட வேண்டும். கையிலிருந்து போவது ஏறத்தாழ 5,00,000. காலம் செய்துகொடுக்கும் வேலையை அப்போது உங்கள் சம்பளமே செய்ய வேண்டியிருக்கும்.

அதனால் பர்சனல் லோனும் முடிந்த பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். நீண்டகால வீட்டுக் கடனில் சின்னக் கூடுதலுக்கே பெரிய பலன் உண்டு. 9 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கிய 1,00,000 கடனுக்குத் தவணை 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போகும். பத்து வருடம் கட்டிய பிறகும் அசலில் 71,000 பாக்கி நிற்கும். முதல் தடவை இதைக் கேட்பவர்கள் நம்புவதே இல்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே தவணையோடு அதன் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது 75ஐச் சேர்த்துக் கட்டினால் கடன் பதினாறரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் நான்கு வருடம் தாண்டிவிட்டதால் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கூடுதலாகக் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று. இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய வீட்டுக் கடன் இது. ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர் தனியாகச் சுமக்க வேண்டிவரும். மீதிக் கடன் அளவுக்காவது இருவர் பேரிலும் வெறும் ஆயுள் காப்பீடு, அதாவது முதிர்வுத் தொகை எதுவும் திரும்ப வராத டேர்ம் பாலிசி, இருக்கட்டும். கடன் சுமை இருப்பவர்களுக்குக் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான்.

இந்தத் தாளை இருவரும் உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். நண்பரிடம் வாங்கிய கைமாற்று, வீட்டில் சொல்லாமல் எடுத்த ஆப் கடன் என்று ஏதாவது இருந்தால் அதுவும் வரட்டும். அன்று கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஒரு கடன் தாளுக்கு வெளியே இருந்தால் திட்டம் முழுவதும் பொய்யாகிவிடும்.

கேள்வி: மூன்று வருடக் கடனுக்கு ஒரு இடத்தில் 12 சதவீதம் ஃப்ளாட் ரேட் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 16 சதவீதம் ரெட்யூசிங் பேலன்ஸ். 12தானே மலிவு?

பதில்: இல்லை, 16தான் மலிவு. ஃப்ளாட் ரேட்டில், நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடுவார்கள். 1,00,000க்கு மூன்று வருட வட்டி 36,000, தவணை 3,778. இதையே குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் வருடத்துக்கு 21 சதவீதத்துக்கும் மேல் வரும். சதவீதங்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எவ்வளவு, ப்ராசஸிங் கட்டணமும் காப்பீடும் சேர்த்துக் கடைசியில் என் கையிலிருந்து போவது எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இருக்கும் கடன்களை எல்லாம் ஒன்றாக்கி, தவணையைப் பாதியாக்கித் தருகிறோம் என்று போன் வருகிறது. வட்டியும் குறைவுதான். வாங்கலாமா?

பதில்: வருடங்களைக் கேட்டீர்களா? 14 சதவீதத்தில் இரண்டு வருடம் பாக்கியுள்ள 1,00,000க்குத் தவணை சுமார் 4,800. இனி கட்டவிருக்கும் வட்டி 15,000 சொச்சம். அதை 12 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு மாற்றினால் தவணை 2,224 ஆகும், பாதிக்கும் குறைவு. ஆனால் மொத்த வட்டி 33,000ஐத் தாண்டும். வட்டி விகிதம் குறைந்தும் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறீர்கள்.

கார்டு கடனை இப்படி மாற்றுவது பெரும்பாலும் நல்லதே, ஏனென்றால் அங்கே விகிதத்தில் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. இரண்டு நிபந்தனை: காலத்தை நீட்டக் கூடாது, காலியான கார்டை மறுபடி நிரப்பக் கூடாது. இந்த மாதத் தவணையே கட்ட முடியாத நெருக்கடி என்றால் அது வேறு. அப்போது காலத்தை நீட்டத்தான் வேண்டும்; அதற்கும் போன் செய்பவரை விட்டுவிட்டு, கடன் கொடுத்த இடத்துக்கே, தவணை தவறும் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

கேள்வி: மைத்துனர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். சும்மா பெயருக்குத்தான் என்கிறார்.

பதில்: ஜாமீன் போட்டால் அவர் கட்டாத பாக்கியை உங்களிடம் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு வந்துவிடுகிறது. பிறகு உங்களுக்கு வீட்டுக் கடன் வேண்டியிருக்கும்போது, இந்த ஜாமீனும் உங்கள் சுமையாகவே எண்ணப்படலாம். அவர் தவணை நின்றுபோனால் உங்கள் சம்பளத்திலிருந்து முழுவதையும் கட்ட முடியுமா, கட்டிய பிறகும் உறவு நிற்குமா என்று யோசியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை இப்போதே அவர் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்து முடியாது என்று சொல்லிவிடுங்கள்.