ஆயா இல்லாத அங்கன்வாடி: சில கேள்விகள், சில பதில்கள்

அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிராமத்து மையங்களின் சேர்க்கை பற்றியும் ஆள் பற்றாக்குறை பற்றியும் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் மையத்துக்கு ஒன்பது பிள்ளைகள்தான் வருகிறார்கள். மூடிவிடுவார்களா அம்மா? (வார்டு உறுப்பினர்)

மையம் அமைக்க அளவுகோல் மக்கள்தொகைதான். கிராமப்புறத்தில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். 150 முதல் 400 பேர் என்றால் குறு மையம். பாயில் உட்காரும் பிள்ளைகளை மட்டும் எண்ணிப் பயப்படாதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சத்துமாவு வாங்கும் கைக்குழந்தைகள் எல்லாரும் அந்த மையத்தின் கணக்கில்தான் இருக்கிறார்கள். பக்கத்து மையத்தோடு இணைக்கும் பேச்சு வந்தால் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டுங்கள்.

ஆயா பணியிடம் காலியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து ஊர் மையமும் என் கூடுதல் பொறுப்பில். பிள்ளைகள் குறைந்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். (பணியாளர்)

உங்களைக் கேட்பது அநியாயம். காலை பதினொரு மணிக்கு ஒரு மையத்துக்குள் நுழைந்தேன். அடுப்பில் சோறு கொதிக்கிறது. இரண்டரை வயதுப் பையன் கால் கழுவிவிடச் சொல்லி வாசலில் நிற்கிறான். டீச்சர் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் செல்போனுமாக வருகைப்பதிவை ஏற்றிக்கொண்டிருக்கிறார். பாட்டு எங்கே, கதை எங்கே? ஆயா இருந்தால் வீட்டு வாசலுக்கே போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்துவிடுவார். சேர்க்கை என்று நாம் சொல்வதில் பாதி அந்த நடைதான். குறு மையத்துக்கு ஆயா பணியிடமே வைக்காமல் திட்டம் போட்டவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொண்டதில்லை போலும். காலிப்பணியிடம், கூடுதல் பொறுப்பு ஏற்ற தேதி, அன்றைய வருகை, இன்றைய வருகை நான்கையும் ஒரே தாளில் எழுதி வட்டாரத் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

மூன்று வயது மகளை வேன் வரும் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கவா? (தாய்)

எழுத்துக்கு அவசரமில்லை. இந்த வயதில் கோக்க மணியும் பிசையக் களிமண்ணும் பாட்டும் போதும். ஆனால் உங்கள் மையத்தில் அதற்கு ஆள் இருக்கிறதா என்று ஒரு முற்பகல் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை. மையத்தில் சேர்க்க முடியுமா?

தாயின் ஆதார் போதும்.

எங்கள் குடியிருப்பில் மையமே இல்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எழுதிய பட்டியலைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுங்கள். தொட்டிலில் கிடப்பதும் கணக்கில் சேரும். அதை விட்டுவிட்டு 38 என்று எழுதிக் கொண்டுவந்த ஊர் ஒன்றை எனக்குத் தெரியும்.