வடித்த பீட் நிலத்தில் பட்டை மரம் வளருமா?

கேள்வி: போர்னியோ தீவில், இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாநிலத்தில் என் பொறுப்பில் உள்ள பீட் நிலத்தில் முன்பு வாய்க்கால் வெட்டி நீரை வடித்திருக்கிறார்கள். ஒருமுறை தீயும் பிடித்தது. இப்போது பெரணி மண்டிக் கிடக்கிறது. கொசுவர்த்திக்குப் பட்டை தரும் கெமோர் மரத்தை இங்கு நடலாமா? இயற்கையில் அது எங்கெங்கு வளர்கிறது?

பதில்: நடலாம், ஆனால் இன்றைய நிலையில் வேண்டாம். முதலில் அந்த நிலத்தில் நீர் நிற்க வேண்டும்.

கெமோர், இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்னியோவிலும் சுமாத்ராவிலும் உள்ள பீட் சதுப்புக் காடுகளே அதன் இருப்பிடம். பீட் என்பது நீரில் மூழ்கியதால் முழுமையாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மரம், வேர், இலைகளின் படிவு. ஆற்றங்கரையோரம் மெல்லியதாகத் தொடங்கி உள்ளே போகப் போகத் தடித்து, கவிழ்த்த தட்டைப் போல மேடிட்டிருக்கும். அதன் கார அமிலக் குறியீடு (pH) பெரும்பாலும் 3 முதல் 4 வரைதான், அதாவது கடும் அமில மண். ஊட்டமும் மிகக் குறைவு. இத்தகைய மண்ணில், பிற மரங்களின் நிழலில், வேரடியில் ஈரம் வற்றாத இடத்தில் வளரப் பழகிய மரத்தை வெட்டவெளியில் கொண்டுவந்து நட்டால் அது தாங்காது.

அதன் பட்டையில் கொழகொழப்பான பசை மிகுதி. பொடித்துப் பிசைந்தால் மற்றப் பொடிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் கொசுவர்த்திக்கும் ஊதுபத்திக்கும் வாங்கினார்கள். பட்டைக்காக முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்து, உரித்தபின் கட்டையைக் காட்டிலேயே அழுகவிட்ட பழக்கம், மரம் அரிதானதற்கு ஒரு காரணம். இன்னொன்று, அந்த மாநிலத்தில் 1996இல் தொடங்கிய, ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் பரப்பிலான நெல் சாகுபடித் திட்டம். அதற்காக வெட்டிய வாய்க்கால்கள் பீட்டை உலர்த்தின. 1997இல் அங்கு பெருந்தீ பரவியது. உங்கள் நிலத்தின் கதையும் இதையே ஒத்திருக்கிறது.

நிலத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். அரை முழ ஆழத்தில் ஒரு கைப்பிடி பீட்டை எடுத்துப் பிழியுங்கள். பழுப்பு நீர் வடிந்து, வேர்நார்கள் உள்ளங்கையில் தங்கினால் பீட் இன்னும் அதிகம் சிதையவில்லை. கரிய கூழாக விரலிடுக்கில் பிதுங்கினால் வெகுவாகச் சிதைந்துவிட்டது. பிறகு மேல்மண்ணில் சிறிது நீரை ஊற்றுங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக உருண்டால், அது நீரை ஏற்கும் தன்மையை இழக்கும் அளவுக்கு உலர்ந்திருக்கிறது; அத்தகைய மண்ணில் கன்று பிழைக்காது.

ஆகவே வாய்க்காலை மரக்கட்டைகளாலும் பீட்டாலும் படிப்படியாகத் தடுத்து அணையிடுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை நிலத்தில் இறக்கி நீர்மட்டத்தைத் தவறாமல் அளந்து வாருங்கள். இந்தோனேசியாவின் 2016 அரசாணைப்படி சாகுபடி பீட் நிலத்தில் நீர்மட்டம் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது; கெமோருக்கு அதைவிட மேலே இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பீட்டின் ஆழம் 3 மீட்டரைத் தாண்டினால் அது பாதுகாப்புக்குரிய நிலமாகக் கருதப்படும் என்பதால், நடுமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர் நின்றபின், எரிந்த பகுதியில் முதலில் கெலாம் மரத்தை வளரவிடுங்கள். தீயையும் அமிலத்தையும் தாங்கும் அம்மரம் மியான்மர் முதல் வட ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. தாள் தாளாக உரியும் அதன் வெளிப்பட்டையைப் படகின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்துவார்கள். உள்பட்டையைக் காயப்படுத்தாமல் உரித்தால் மரம் பிழைக்கும். அதன் நிழல் விழுந்த பிறகு இடையிடையே, சற்று உயர்ந்த மேடுகளில் கெமோர் கன்றை வையுங்கள். விதை எடுத்தால் காயவிடாமல் உடனே விதையுங்கள்; இக்குடும்பத்து மரங்களின் விதைகள் பெரும்பாலும் உலர்ந்தால் முளைக்காது.

அறுவடையின்போது உயிர்மரத்தைச் சுற்றிலும் உரிக்காதீர்கள், அது பட்டுப்போகும். முதிர்ந்த மரத்தை மழைக்கால வெள்ளமட்டத்துக்கு மேலே வெட்டி, அடிக்கட்டையின் பட்டையை அப்படியே விட்டுவைத்தால் அதிலிருந்து மறுதளிர் வரும். அவற்றில் வலுவான ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள்.