32 எம்பி ராம் உள்ள பழைய ரவுட்டரில் ஃபயர்வால் ஓடுமா?

மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், பரணில் கிடக்கும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ரவுட்டரில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்சென்ஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பிஎஃப்சென்ஸ் ஏறாது, அதற்குக் குறைந்தது 1 ஜிபி ராம் வேண்டும். ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறும், ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் நினைவகம்), 32 எம்பி ராமுக்கு அதிகாரப்பூர்வமாக வந்த கடைசிப் பதிப்பு 19.07தான். 2022-லேயே அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஓட்டைப் பூட்டைப் போட்டு என்ன பயன்?

உண்மையில் ஃபயர்வால் விதிகள் ராமை அதிகம் தின்பதில்லை. வைஃபையும், பிரவுசரில் திறக்கும் லூசி என்ற அமைப்புப் பக்கமும், விளம்பரத் தடைப் பட்டியலும்தான் தின்கின்றன. நானும் ஒருமுறை அந்தப் பட்டியலை ஏற்றினேன். ராம் தீர்ந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலைக் கொன்றுவிட்டது; வைஃபை முழுக் கோடு காட்டும், ஒரு தளமும் திறக்காது.

லூசியை நீக்கினால் இடம் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்காது. அது படிக்க மட்டுமேயான பகுதியில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டர் என்ற கருவியில், லூசி இல்லாமலே இமேஜ் (ரவுட்டரில் ஏற்றும் மென்பொருள் கோப்பு) கட்ட வேண்டும்.

சரி, டவுன்ஹால் ரோட்டில் பழசு விசாரியுங்கள்: 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் வெர்ஷனையும் பாருங்கள். இதே 841என்-இல் 13-ஆம் வெர்ஷனில் 8/64 (ஃபிளாஷ்/ராம், எம்பியில்) இருந்தது, 14-இல் மறுபடி 4/32 ஆக்கிவிட்டார்கள்.